சீனி சரியாக இருந்த நாள்

இரண்டு வருடங்களுக்கு முன், தீபாவளி கழிந்து கந்தசஷ்டி விரதம் தொடங்கிய வாரத்தில், கண்டி மஹய்யாவையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டில் இது நடந்தது. மகளுக்கு அப்போது ஐந்து மாதம். நான் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். அந்த நேரம் பிரசவ விடுமுறையில் இருந்தேன்.

கர்ப்பமாக இருந்தபோது எனக்கு இரத்தத்தில் சீனி கூடியிருந்தது. குழந்தை பிறந்ததும் இறங்கிவிடும் என்றார்கள். பிறந்தபின் செய்த சோதனையில் இறங்கித்தான் இருந்தது, ஆனால் முழுதாக இறங்கவில்லை. எல்லையில் நிற்கிறது, கவனமாக இருங்கள் என்று கிளினிக்கில் சொல்லி அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு அது சாதாரணமான பேச்சு. என் அப்பா கம்பளையில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தவர். சீனி வருத்தத்தில், அதாவது நீரிழிவில், முதலில் கால்விரல், பிறகு பாதம், பிறகு முழங்காலுக்குக் கீழே என்று கொஞ்சம் கொஞ்சமாகக் காலை இழந்தவர். கவனமாக இருங்கள் என்று யார் சொன்னாலும் எனக்கு அந்தக் கால்தான் கண்ணில் வரும்.

என் கணவருக்கு பல்லேகலையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவர் நெடுந்தூரம் ஓடுகிறவர். விடியற்காலையில் குண்டசாலைப் பக்கம் ஓடிவிட்டு வேலைக்குப் போவார். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு ஹந்தானை மலைக்கு ஏறி இறங்குவார். அவர்களுக்குள் ஒரு சாப்பாட்டு முறை இருந்தது. சோறு, ரொட்டி, இடியப்பம், சீனி எதுவும் இல்லை. முட்டை, மீன், தேங்காய், கீரை. காலையில் எதுவும் சாப்பிடாமல் ஓடுவது. அப்படிப் பழகினால் உடம்பு மாப்பொருளை எதிர்பார்க்காமல் தன் கொழுப்பையே எரித்து ஓடும் என்பார். அவருக்கு அது ஒத்துப்போனது. எடை குறைந்தது, ஓட்டம் முடிந்ததும் வரும் களைப்பும் குறைந்தது.

சீனிக்கும் அது நல்லது என்று அவர் சொன்னார். நானும் தேடி வாசித்தேன். வாசித்த வரையில் சரியாகத்தான் இருந்தது. எதையும் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் யோசிக்கிறவள் நான். அன்றைக்கும் யோசித்தேன், யோசித்துத்தான் தொடங்கினேன்.

மாமி, அதாவது கணவரின் அம்மா, பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து எங்களோடு இருந்தார். சோறு இல்லாத என் தட்டைப் பார்த்து அவர் அடிக்கடி சிரிப்பார்.

"அவன் மலை மலையா ஓடுறான், அதுக்கு ஒரு சாப்பாடு. நீ எங்க புள்ள ஓடப் போற, குசினி அடுப்படிக்கா?"

இரண்டு மூன்று மாதங்களில் என் சீனி நன்றாக இறங்கியது. வீட்டில் சீனி பார்க்கிற சிறிய மீற்றர் ஒன்று வாங்கி வைத்திருந்தோம். காலையில் விரலைக் குத்தி இலக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. இலக்கம் நன்றாக இருந்தால் அந்த நாள் எனக்கு நல்ல நாள்.

அதற்குப் பிறகு சஷ்டி வந்தது. எனக்கு ஒரு நேர்த்தி இருந்தது. ஏழாம் மாதத்தில் சீனி கூடியதென்று என்னை வார்ட்டில் மறித்து வைத்திருந்தபோது, பிள்ளை குறையில்லாமல் பிறந்தால் வருகிற சஷ்டியில் ஆறு நாளும் விரதம் இருப்பதாக முருகனுக்கு வேண்டியிருந்தேன். பிள்ளை குறையில்லாமல் பிறந்திருந்தாள். பால் கொடுக்கிற காலத்தில் வேண்டாமே, அடுத்த வருடம் பார்க்கலாமே என்று எனக்கே தோன்றியது. ஆனால் தள்ளிவைத்த வருடத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நான் என்ன நினைப்பேன் என்றும் தோன்றியது. என்னைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டாவது எண்ணம்தான் எப்போதும் வெல்லும்.

எங்கள் வீடுகளில் சஷ்டி விரதம் பல விதமாகப் பிடிப்பார்கள். சிலர் தண்ணீரோடு இருப்பார்கள். சிலர் பகல் ஒரு வேளை சோறு சாப்பிடுவார்கள். நான் எடுத்துக்கொண்டது பகலெல்லாம் பால் சேர்க்காத பிளேன்டீயோடு இருந்துவிட்டு, மாலையில் விளக்கு வைத்தபின் பாலும் பழமும் சாப்பிடுகிற முறை. பலரும் பிடிக்கிற, அவ்வளவு கடினமில்லாத விரதம் அது.

தவறு நடந்தது இந்த இடத்தில்தான். விரதத்துக்கு முட்டை ஆகாது, மீன் ஆகாது. அதுவரை நான் உயிர் வாழ்ந்ததே அவற்றில்தான். விரதத்துக்கு வாழைப்பழம் ஆகும், ஆனால் அதில் சீனி இருக்கிறது என்று நான் அதைத் தொடவில்லை. பிளேன்டீக்கு சீனி போடவில்லை. இளநீர் குடிக்கலாம் என்று மாமி வாங்கி வைத்தார், அதிலும் இனிப்பு என்று விட்டுவிட்டேன். பாலை அரைக் கப்போடு நிறுத்தினேன். விரதம் விட்டுவைத்ததைச் சீனிப் பயம் எடுத்துக்கொண்டது, சீனிப் பயம் விட்டுவைத்ததை விரதம் எடுத்துக்கொண்டது. இரண்டையும் ஒழுங்காகக் கடைப்பிடித்ததில் மிஞ்சியது அந்த அரைக் கப் பால் மட்டும். ஒவ்வொன்றும் தனியாக நல்ல விதிதான் என்பதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை. வீட்டிலும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. கணவர் நான் அவருடைய முறையில் இருப்பதாக நினைத்தார். மாமி நான் முருகனுடைய முறையில் இருப்பதாக நினைத்து, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் என்னைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்.

முதல் நாட்கள் லேசாக இருந்தன. பசி அவ்வளவாக இல்லை. மகள் வழக்கம்போல் பால் குடித்தாள், அவளுக்கு எதுவும் குறையவில்லை. என் காலை இலக்கம் முன்பைவிட நன்றாக இருந்தது.

நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கணவர் இருட்டோடு எழுந்து ஹந்தானைக்குப் போய்விட்டார். எழுந்தபோதே எனக்கு வயிற்றைப் புரட்டியது. வாந்தி எடுத்தேன். வாந்தி எடுக்க வயிற்றில் ஒன்றும் இல்லாததால் மஞ்சளாகத் தண்ணீர்தான் வந்தது. தாகம் அடங்கவில்லை. படியேறி வந்தவளைப் போல மூச்சு வாங்கியது. நான் படுக்கையில்தான் இருந்தேன்.

வேறு யாராக இருந்தாலும் அப்போதே பயந்திருப்பார்கள். நானோ என் பயத்தைப் பற்றி நன்றாக அறிந்தவள். மகளுக்கு விக்கல் நிற்கவில்லை என்று அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். அவள் அதிக நேரம் தூங்குகிறாள் என்று மிட்வைஃபுக்கு அழைப்பெடுத்தவள். ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அதனால் இந்த மூச்சு வாங்கலும் பதற்றம்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உறுதிப்படுத்த விரலைக் குத்திப் பார்த்தேன். இலக்கம் மிக நன்றாக இருந்தது. எனக்கு நிம்மதியாகிவிட்டது.

மாமி என்னை விடவில்லை. பித்தம் தலைக்கேறியிருக்கிறது, ஊசி போட்டால் சரியாகும் என்று வீதிக்கு அந்தப் பக்கம் இருந்த டிஸ்பென்சரிக்கு அனுப்பினார். பிள்ளையை அவரே வைத்துக்கொண்டார். டொக்டர் வயதானவர், பொறுமையாகப் பார்த்தார். சீனி எவ்வளவு என்று கேட்டார், சொன்னேன். நல்லது என்றார். சாப்பிட்டீங்களா என்று கேட்டார். சாப்பிட்டேன் டொக்டர் என்றேன்.

நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. வீட்டுக்கு வந்தவர், பஸ்ஸில் சந்தித்தவர், பாடசாலை அதிபர், அயலார் என்று யார் கேட்டாலும் சாப்பிட்டாச்சு என்போம். சாப்பிடவில்லை என்றால் கேட்டவரை அடுப்பு மூட்டச் சொன்னது போலாகிவிடும். அதோடு விரதத்தை ஊருக்குச் சொல்லிக்கொண்டு திரியக் கூடாது என்றும் பழக்கியிருந்தார்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. டொக்டர் கேட்க வேண்டியதைக் கேட்டார், நான் சொன்னதை நம்பினார். கேஸ்ட்ரைடிஸ், இரைப்பை அழற்சி என்று வாந்திக்கு மருந்து தந்து அனுப்பினார்.

மருந்து தங்கவில்லை. மதியம் கணவர் வந்தபோது நான் கதிரையில் சாய்ந்திருந்தேன். அவர் சேறு படிந்த சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"உன் வாயில வர்ற வாசம் என்னா? எங்க ஆளுங்களுக்கு வர்ற மாதிரி இருக்கு."

அந்த வாசம் எனக்கும் தெரியும். நகப் பூச்சு போல, பழம் அழுகியது போல. அவருடைய ஓட்டக்கார நண்பர்கள் கூடினால் அதைப் பற்றித்தான் ஒருவரை ஒருவர் கிண்டல் செய்வார்கள். உடம்பு கொழுப்பை எரிக்கும்போது கீட்டோன் என்ற ஒன்று உண்டாகி மூச்சிலும் சிறுநீரிலும் வரும். அதைப் பார்க்கிற கடதாசிக் கீற்று ஒன்று உண்டு. சிறுநீரில் நனைத்தால் நிறம் மாறும். நிறம் எவ்வளவு கடும் ஊதாவோ அவ்வளவு பெருமை. கணவரிடம் ஒரு டப்பா இருந்தது. ஒன்றை எடுத்துத் தந்தார்.

நான் நனைத்துக் கொண்டுவந்த கீற்று, டப்பாவில் அச்சிட்டிருந்த கடைசி நிறத்தையும் தாண்டிக் கறுத்திருந்தது.

"அடேங்கப்பா! என்னையே முந்திட்டியே. எனக்கு ஒரு நாளும் இந்தளவு வந்ததில்ல" என்று சொல்லி, கையை நீட்டி என் கையைக் குலுக்கினார். நான் கொஞ்சம் சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்ல வேண்டும். உட்கார்ந்திருக்கவே முடியாத நிலையிலும், ஒரு சோதனையில் நல்ல புள்ளி எடுத்தவளைப் போல உணர்ந்தேன்.

குலுக்கிய கையை அவர் விடவில்லை. சற்று நேரம் என் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் மல ஏறி எறங்கி வந்திருக்கேன். எனக்கு மூச்சு அடங்கிருச்சு. நீ உக்காந்துகிட்டு இப்படி வாங்குறியே."

ஓடிய உடுப்போடேயே கீழே இறங்கிப் போய் ஓட்டோ பிடித்து வந்தார். மழை பெய்துகொண்டிருந்தது. மாமி பிள்ளையைத் துவாயில் சுற்றித் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினார். ஆஸ்பத்திரி வரை நான் மூச்சை எண்ணாமல் இருக்க முயன்றுகொண்டே போனேன்.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு சிங்களப் பெண் டொக்டர், என் வயதுதான் இருக்கும். தமிழ் பழகியிருந்தார். அங்கேயும் முதலில் விரலைக் குத்திச் சீனி பார்த்தார்கள். சரியாக இருந்தது. ஏற்கனவே பார்த்த டொக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டையும் பார்த்தார். பிறகு, சாப்பாடு சாப்பிட்டதா அம்மா என்று கேட்டார்.

"சாப்பிட்டேன்" என்றேன்.

இதைக் கேட்டதும் மாமிக்குக் கோபம் வந்துவிட்டது. அதுவரை என் விரதத்தை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவருக்கு, நான் அதை இல்லையென்று சொன்னது பொறுக்கவில்லை.

"எங்கடி சாப்பிட்ட? இல்லீங்க டொக்டரம்மா, பொய் சொல்றா. நாலு நாளா பச்சத் தண்ணிதான். சஷ்டி விரதம். பழத்தக் குடுத்தா சீனிங்கிறா, எளநியக் குடுத்தா சீனிங்கிறா. அதுக்கு முன்னுக்கும் சோறு கெடையாது, ரெண்டு மூணு மாசமா முட்டையும் கீரையும்தான். எல்லாம் இந்தா நிக்கிறானே, இவன் படிச்சுக் குடுத்தது."

கணவர் ஓடிய உடுப்போடு தலையைக் குனிந்து நின்றார். டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, மாமியின் தோளில் கிடந்த என் மகளைப் பார்த்தார்.

"பிள்ளைக்கு நீங்க பால் குடுக்கிறதா?"

"ஓம். பால் மட்டும்தான்."

அவர் எழுந்துவிட்டார். அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மணிக்கட்டில் ஆழமாகக் குத்தி இரத்தம் எடுத்தார்கள். அது மிகவும் வலித்தது. திரும்பி வந்தபோது அவர் என்னிடம் அல்ல, கணவரிடம்தான் முதலில் பேசினார். இரத்தம் அமிலமாகிவிட்டது என்றார். இன்னும் தாமதித்திருந்தால் மயங்கியிருப்பேன், அதற்குப் பிறகு எப்படிப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது என்றார். பால் கொடுக்கிற உடம்பு ஒவ்வொரு நாளும் ஏராளமான சீனியைப் பாலாக வெளியே அனுப்புகிறது. உள்ளே வருவது நின்றுவிட்டால் கொழுப்பை எரிக்கிறது, எரித்து எரித்து ஒரு கட்டத்தில் அடக்க முடியாமல் போகிறது. சீனி கூடாதபடியால் மீற்றர் எதையும் காட்டாது. ஓடுகிறவர்களுக்கு இது இப்படி ஆவதில்லை, அவர்களிடமிருந்து யாரும் குடிப்பதில்லையே என்று சொல்லி, முதல் தடவையாகச் சிரித்தார்.

எட்டாம் தரத்துப் பிள்ளைகளுக்கு உணவுச் சத்துகளைப் படம் போட்டுக் கற்பிக்கிறவள் நான். கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

நர்ஸ் ஒரு போத்தலைக் கொண்டுவந்து மாட்டினார். அதில் ஒட்டியிருந்த பெயரை வாசித்தேன். குளுக்கோஸ். கையை இழுத்துக்கொண்டேன்.

"மிஸ், எனக்கு சீனி ஏத்த ஏலாது. எனக்கு சீனி எல்லையில நிக்குது. அப்பாவுக்கும் இருந்தது."

"இப்ப உங்களுக்கு இதுதான் மருந்து. அதோட கொஞ்சம் இன்சுலினும் போடுவாங்க."

இன்சுலின் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவின் குளிர்சாதனப் பெட்டியில், மீன் பொதிக்கு மேல் தட்டில் அந்தச் சிறிய போத்தல்கள் வரிசையாக இருக்கும். டொக்டர் திரும்பி வந்து, இது சீனி வருத்தத்துக்கு அல்ல, கீட்டோனை நிறுத்துவதற்கு என்று இரண்டு முறை சொன்னார். நான் நம்பவில்லை. நம்பாமலே கையை நீட்டினேன். மகள் மாமியின் தோளில் பசியில் அழத் தொடங்கியிருந்தாள், அதனால்தான்.

சில மணி நேரத்தில் மூச்சு தணிந்தது. தணிந்த பிறகுதான் அது எவ்வளவு கடினமாக இருந்தது என்று தெரிந்தது. பால் கொடுக்கலாம் என்றார்கள், கொடுத்தேன். பின்னேரம் வார்ட்டுக்கு மாற்றிய பின் சாப்பாடு வந்தது. சோறு, பருப்பு, பூசணிக்காய். கட்டாயம் சாப்பிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லிவிட்டுப் போனார்.

கட்டிலின் ஒரு பக்கம் கணவர், மறு பக்கம் மாமி. எனக்கு முன்னால் தட்டு. நேர்த்தியில் இன்னும் நாட்கள் மிச்சம் இருந்தன. பிள்ளைக்காக வேண்டியதைப் பாதியில் விட்டால் பிள்ளைக்கு என்ன ஆகும் என்ற பழைய கேள்வி திரும்ப வந்தது. நான் தட்டைத் தொடாமல் இருப்பதை மாமி புரிந்துகொண்டார்.

"மிச்ச நாளை நான் புடிக்கிறேன், நீ தின்னு. எனக்குப் பல்லும் இல்ல, பசியும் இல்ல."

"நீங்க பிரஷர் குளிச குடிக்கிறீங்க, பேசாம இருங்க" என்றார் கணவர். "நான் புடிக்கிறேன். நாந்தானே கை குடுத்தேன்."

"நீ புடிச்சா முருகன் நம்ப மாட்டாரு. ஓட்டத்துக்குத்தான் பட்டினி கெடக்கிறான்னு நெனப்பாரு."

பக்கத்துக் கட்டில் பெண்ணும் சிரித்துவிட்டார். கணவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வாரம் ஓடவில்லை, சப்பாத்தைத் தொடவே இல்லை. விரதம் முடிகிற சூரன் போர் அன்று கோயிலுக்குப் போய் வந்துதான் சாப்பிட்டார்.

நான் முதல் கவளத்தை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் கொஞ்ச நேரம் இருந்தேன். சோறு அவ்வளவு இனிப்பானது என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. மகள் என் மடியில் கிடந்தபடி என் தாடை அசைவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். விழுங்கினேன். பிறகு தட்டை முடித்தேன்.

இப்போது எனக்குச் சீனி கட்டுப்பாட்டில் இருக்கிறது. கிளினிக்கில் சொன்ன அளவு சோறு சாப்பிடுகிறேன், மாலையில் நடக்கிறேன். கணவர் இன்னமும் தன் முறையில்தான் சாப்பிடுகிறார், அவருக்கு அது நன்றாகத்தான் இருக்கிறது. அதை நான் குறை சொல்வதில்லை. விரதத்தையும் குறை சொல்வதில்லை. சாப்பிட்டீங்களா என்று டொக்டர்மார் கேட்டால் மட்டும், என்ன சாப்பிட்டேன் என்று சொல்லப் பழகிக்கொண்டேன். அது இன்னும் வாய்க்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

போன தவணையில் பாடசாலையில் ஓர் இளம் ஆசிரியை, பிரசவ விடுமுறை முடிந்து வந்தவர், சோற்றை நிறுத்தி எடையைக் குறைக்கப் போகிறேன், நீங்களும் அப்படிச் செய்தீர்களாமே என்று என்னிடம் வந்து கேட்டார். பிள்ளைக்குப் பால் குடுக்கிறீங்களா என்று கேட்டேன். ஏன் அதைக் கேட்கிறீர்கள் என்பது போல என்னைப் பார்த்தார். நான் அவரை உட்கார வைத்து முழுவதையும் சொன்னேன். எத்தனையோ வாசித்து, எத்தனையோ தரம் யோசித்து, சோற்றை நிறுத்தியபோது அந்த ஒரு கேள்வியை மட்டும் என்னிடம் நானே கேட்டுக்கொள்ளவில்லை என்பதை நினைக்கும்போது, மகள் ஓடி விளையாடுகிற இந்த நாட்களிலும் எனக்கு ஒரு கணம் மூச்சு நின்றுதான் வருகிறது.